ஜொர மருந்து: எடைக்கு எத்தனை மி.கி., பாட்டிலில் எத்தனை எம்.எல்.

மருந்தாளுநர், பாலக்கோடு

"அண்ணா, பாப்பாவுக்கு ஜொரம், எத்தன எம்.எல். ஊத்தணும்?" கவுண்டரில் இந்தக் கேள்வி வந்ததும் எம்.எல். சொல்லிவிடக் கூடாது. முதலில் எடை கேட்கணும். அடுத்து, வீட்டில் எந்த பாட்டில் இருக்குன்னு கேட்கணும். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி நல்லது. 4 மணிக்குக் குறையவே கூடாது. ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

10 கிலோ குழந்தைக்கு அப்படியானால் அதிகபட்சம் 150 மி.கி. சொட்டு மருந்தில் எம்.எல்.-லுக்கு 100 மி.கி. இருக்கும், 1.5 எம்.எல். போதும். 5 எம்.எல்.-லில் 120 மி.கி. உள்ள சிரப்பில் 6 எம்.எல். 250 மி.கி. சிரப்பில் 3 எம்.எல். பல கம்பெனிகளில் இந்த மூணும் ஒரே பேரில்தான் வருது.

பிசகுவது பாட்டில் மாறும்போது. "போன தடவ 5 எம்.எல். குடுத்தோம்" என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை 5 எம்.எல். ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போகும். அது பெரியவங்க போடும் ஒரு முழு மாத்திரை. இதுவே தலைகீழாகவும் நடக்கும். 120 சிரப்பை டிராப்பரில் 1.5 எம்.எல். எடுத்துக் கொடுத்தால் வெறும் 36 மி.கி. ஜொரம் அசையாது, மருந்து கேட்கலைன்னு ரெண்டு மணி நேரத்தில் வேற ஒண்ணு வாங்க வந்து நிற்பாங்க.

மருந்துப் பேருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அளவு ஒரு எம்.எல்.-லுக்கா, 5 எம்.எல்.-லுக்கா என்று அங்கேதான் போட்டிருப்பான். அதை வட்டம் போட்டுக் காட்டி, குழந்தைக்கு எத்தனை எம்.எல்., எத்தனை மணிக்கொரு தடவை என்று தமிழில் எழுதிக் கொடுங்க. அட்டைப்பெட்டியில் எழுதினால் அன்றைக்கே குப்பைக்குப் போயிடும், பாட்டில் மேலேயே எழுதணும்.

செவிலியர், அஞ்செட்டி பக்கம்

அண்ணா சொன்ன கணக்கு, எடை சரியா இருந்தால்தான் சரியா வரும். வயசை வச்சு உத்தேசமாகச் சொல்வது மலைக் கிராமங்களில் ஆபத்து. மூணு வயசுன்னா 14 கிலோ என்று புத்தகக் கணக்கு சொல்லும். வாடிப்போய் 10 கிலோவில் நிற்கும் மூணு வயசுக் குழந்தைகளும் இங்கே உண்டு. 14 கிலோவுக்கான 210 மி.கி.யை அந்த உடம்புக்கு நாலு வேளை கொடுத்தால், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 84 மி.கி. ஆகுது. வரம்பு 60.

அதிலும் அந்தக் குழந்தை ரெண்டு நாளா சாப்பிடாமல், வயிற்றுப்போக்கோடு கிடந்தால் இன்னும் மோசம். பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறும். அதை முறிக்க உடம்பில் குளுட்டாதயோன் வேணும். சாப்பாடு இல்லாத உடம்பில் அதன் இருப்பு குறைஞ்சிருக்கும். அதனால் இப்படிப்பட்ட குழந்தைக்கு கிலோவுக்கு 10 மி.கி.யோடு நிறுத்தி, சீக்கிரமா டாக்டரிடம் காட்டச் சொல்லணும்.

அங்கன்வாடியில் மாசாமாசம் எடை போடுவாங்க, அந்த எண்ணைக் கேளுங்க. இல்லைன்னா அம்மா குழந்தையைத் தூக்கிக்கிட்டு மிஷின்ல ஏறி ஒரு தடவை, தனியா ஒரு தடவை. கழிச்சால் குழந்தை எடை வந்துடும்.

வீட்டு ஸ்பூனில் ஊற்றவே வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. 5 எம்.எல். சிரிஞ்சு ஒண்ணு வாங்கி, ஊசியையும் மூடியையும் கழட்டி எறிஞ்சிடணும். மூடி குழந்தை வாயில் போனால் மூச்சடைக்கும். பாட்டிலைக் குலுக்கி, மருந்தை உறிஞ்சி, கோட்டைக் கண் மட்டத்தில் வச்சுப் பார்க்கணும். கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். தொண்டைக்கு நேரா பீய்ச்சினால் புரையேறும்.

அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவைத் திரும்பக் கொடுக்கலாம். அதுக்கு மேல ஆச்சுன்னா அடுத்த வேளைதான்.

குழந்தை மருத்துவர், ஓசூர்

இங்கே பெங்களூரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் வாங்கிய பாட்டில்களோடு வருகிறார்கள். அதில் பாதி, ஐபுபுரூஃபென் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்து கலந்தது என்பதே பெற்றோருக்குத் தெரியாது. 5 எம்.எல்.-லில் ஐபுபுரூஃபென் 100, பாராசிட்டமால் 162.5 மி.கி. என்று கலந்து வருபவை ஏராளம். அதைக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் தனியாக பாராசிட்டமால் சிரப்பும் கொடுத்தால், பாராசிட்டமால் இரண்டு மடங்காகிவிடும்.

ஐபுபுரூஃபென் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 6 முதல் 8 மணிக்கொரு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளைக்குள். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வாந்தி, பேதியில் நீர் வற்றிய குழந்தைக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். அம்மை போட்டிருந்தாலும் தவிர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்ற எண்ணம் எப்போதும் இருக்கட்டும். அப்போது ஐபுபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். பாராசிட்டமால் மட்டும்தான். "ஊசி போட்டா உடனே எறங்கிடும் டாக்டர்" என்று கேட்டு நிற்கும் தாத்தா பாட்டிகளிடம் பொறுமையாக உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

காய்ச்சலை 98.6-க்குக் கொண்டுவருவது நம் வேலை இல்லை. குழந்தை முகம் தெளிந்து, தண்ணீர் குடித்தால் போதும். தூங்கும் குழந்தையை எழுப்பிக் கொடுக்க வேண்டாம். வேளை தவறாமல் கொடுத்தால் ஜன்னி வராது என்று நம்பி அளவைக் கூட்டுகிறவர்கள் உண்டு. காய்ச்சல் மருந்து வலிப்பைத் தடுக்காது.

மருந்தாளுநர், ஊத்தங்கரை

டாக்டர் சொன்ன கலப்பு மருந்து விஷயம் சளி சிரப்பிலும் இருக்கு. மூக்கொழுகலுக்கு வாங்கும் பல சிரப்பில் பாராசிட்டமால் ஏற்கெனவே சேர்ந்திருக்கு. "ஜொரத்துக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு" என்று கேட்டால் ரெண்டு பாட்டிலையும் பக்கத்தில் வச்சு லேபிளைப் படிக்கணும். சளி சிரப்புகளில் வரும் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலப்பை நாலு வயசுக்குக் கீழ் கொடுக்கக் கூடாதுன்னு 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டாச்சு. நிமசுலைடு என்ற ஜொர மருந்து 12 வயசுக்குக் கீழ் 2011-லிருந்தே தடை. "போன வருசம் அதத்தான் குடுத்தீங்க" என்று பழைய சீட்டை நீட்டினாலும் கொடுக்காதீங்க.

மாத்திரையை உடைச்சுக் கொடுப்பதும் நடக்குது. 650 மாத்திரையில் பாதி 325 மி.கி.; அது ஏறக்குறைய 22 கிலோ பிள்ளைக்கான முழு அளவு. 12 கிலோ குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம்.

கிராம சுகாதார செவிலியர், காரிமங்கலம்

தடுப்பூசி போட்ட அன்னைக்கு இதே குழப்பம் வரும். 6, 10, 14 வார ஊசிக்கு வர்ற குழந்தை 5 கிலோ இருந்தால் அதுக்கு 50 முதல் 75 மி.கி.; சொட்டு மருந்தில் அரை எம்.எல்.-லிருந்து முக்கால் எம்.எல். வரைதான். 500 மாத்திரையில் கால் பங்கு 125 மி.கி., அது ஜாஸ்தி. கையால உடைச்சால் கால் பங்கு சரியாவும் வராது. ஊசி போடாத நாளில் மூணு மாசத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 100.4 ஜொரம் வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

குழந்தை மருத்துவர், ஓசூர்

ஒன்று விட்டுப்போயிற்று. 15 எம்.எல். சொட்டு மருந்து பாட்டில் முழுவதிலும் 1,500 மி.கி. இருக்கிறது. 10 கிலோ குழந்தை அதைக் குடித்துவிட்டால் கிலோவுக்கு 150 மி.கி.; கல்லீரலைப் பாதிக்கக்கூடிய அளவு. முதல் நாள் குழந்தை ஓடி விளையாடும், அதை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும். 108-ஐ அழைத்து தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலி பாட்டிலையும் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை மணிக்குக் குடித்தது, எடை எத்தனை என்ற இரண்டையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.