உதவி: ஹேஷ் டேபிளைப் பெரிதாக்கியும் வேகம் கூடவில்லை, சில சொற்கள் காணவும் இல்லை

சுண்டெலி – இரவு 10:42

வணக்கம். சி மொழியில் எனக்காக ஒரு சின்ன எழுத்துப்பிழை திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். சொற்பட்டியலில் சுமார் 60,000 சொற்கள். எல்லாவற்றையும் ஒரு ஹேஷ் டேபிளில் (சொல்லிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுள்ள பக்கெட்டில் சொல்லைப் போடும் அட்டவணை) போட்டிருக்கிறேன்; ஒவ்வொரு பக்கெட்டிலும் ஒரு லிங்க்டு லிஸ்ட், அதாவது சொற்களைச் சங்கிலி (செயின்) போலக் கோத்த பட்டியல்.

அந்த எண்ணைக் கணக்கிடும் ஹேஷ் ஃபங்ஷன் ரொம்ப எளிமை: சொல்லின் பைட்களை எல்லாம் கூட்டி, பக்கெட் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுக்கிறேன். முதலில் கூட்டல் மைனஸில் போய் கிராஷ் ஆனது. பைட்டை வைக்கும் ‘சார்’ வகையை அன்சைன்டு (மைனஸ் இல்லாதது) ஆக்கியதும் கிராஷ் நின்றது.

சிக்கல் 1: ஒரு கோடிச் சொல் உள்ள உரையைச் சரிபார்க்க 50 வினாடி ஆகிறது. பக்கெட்டை 1,024-லிருந்து 65,536 ஆக்கினேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

சிக்கல் 2: ‘கோயில்’ பட்டியலில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. ‘மரம்’ சரியாகக் கிடைக்கிறது.

மோர்மிளகாய் – இரவு 10:58

தமிழ் யூனிகோடு என்றாலே இந்தத் தலைவலிதான். ஒரு எழுத்துக்கு 3 பைட். ஆங்கில எழுத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், வேகம் வந்துவிடும்.

பழைய_சி_ஆள் – இரவு 11:20

மோர்மிளகாய், கோபிக்காதீர்கள், அது தப்பு. இதே ஃபங்ஷனுக்கு ஆங்கிலம் இன்னும் மோசம். சிற்றெழுத்தில் பெரிய எண் 122. 15 எழுத்துச் சொல்கூட 1,830-ஐத் தாண்டாது.

சுண்டெலி, பக்கெட் வாரியாக எத்தனை சொல் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? காலியாக இருப்பவை எத்தனை, மிக நீளமான செயின் எவ்வளவு, மிக நீளமான சொல் எத்தனை பைட்? இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

சுண்டெலி – இரவு 11:47

எண்ணினேன். 65,536-ல் ஏதாவது விழுந்திருப்பது 2,700 சொச்சம் மட்டும்! மிக நீளமான செயினில் 118 சொற்கள். நீளமான சொல் 60 பைட். 12,000-க்கு மேல் ஒரு பக்கெட்டைக்கூட யாரும் தொடவில்லை. இது எப்படி?

பழைய_சி_ஆள் – நள்ளிரவு 12:15

தொடவே முடியாது. யூடிஎஃப்-8-ல் (யூனிகோடு எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் முறை) எந்தத் தமிழ் எழுத்தாக இருந்தாலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டும்தான் 128-லிருந்து 191 வரை மாறும். ஆக ஒரு குறியீட்டுக்கு (க போன்ற எழுத்து, ா போன்ற துணைக்குறி, புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு குறியீடு) அதிகபட்சம் 590. உங்கள் 60 பைட் சொல்லில் 20 குறியீடு, 11,800-ஐத் தாண்ட வழியே இல்லை. மீதி ஐம்பதாயிரம் பக்கெட்டும் வாடகைக்கு ஆள் வராத வீடுகள்.

அதோடு, கூட்டலுக்கு வரிசை தெரியாது. ‘தாகம்’ எடுத்துக்கொள்ளுங்கள்: த 562, ா 588, க 547, ம 572, புள்ளி 540. மொத்தம் 2,809. ‘காதம்’ போட்டுப் பாருங்கள், அதே ஐந்தும் இடம் மாறி நிற்கின்றன, அதே 2,809. ‘பாதம்’, ‘தாபம்’ கதையும் இதுதான். எழுத்தே வேறாக இருக்கும் சொற்களும் ஒரே கூட்டுத்தொகையில் வந்து விழும்.

ஹேஷ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே கொத்துவது என்றுதான் பொருள். கொத்துப் பரோட்டா மாதிரி, எது எங்கே இருந்தது என்பதும் கலவையில் கலந்துவிட வேண்டும். நீங்கள் கொத்தவில்லை, தராசில் வைத்து எடை போட்டிருக்கிறீர்கள்.

எஃப்.என்.வி-1ஏ என்ற ஹேஷ் ஃபங்ஷனைப் போடுங்கள், நான்கு வரிதான். குறியில்லாத 32 பிட் எண்ணில் 2166136261 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு பைட்டுக்கும் முதலில் எக்ஸார் (இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0), அப்புறம் 16777619-ஆல் பெருக்கல். நிரம்பி வழிவது வழியட்டும். ஒவ்வொரு முறை பெருக்கும்போதும் முன்னால் வந்த பைட்களின் தடம் மேலே தள்ளப்படுவதால் வரிசை மாறினால் விடையும் மாறும். உங்களுக்கு 16 பிட் போதும் என்பதால், கடைசியில் மேல் 16 பிட்டைக் கீழ் 16 பிட்டோடு எக்ஸார் செய்து எடுங்கள்.

இன்னொன்று: அந்த 32 பிட் எண்ணையும் சொல்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். செயினில் போகும்போது முதலில் எண்ணை ஒப்பிட்டு, அது பொருந்தினால் மட்டும் எழுத்தை ஒப்பிடலாம்.

அரைத்தூக்கம் – காலை 7:05

256 பிட் விடை தரும் எஸ்எச்ஏ-256 ஹேஷைப் போட்டால் மோதலே (இரண்டு சொல் ஒரே எண்ணில் விழுவது) வராதே?

பழைய_சி_ஆள் – காலை 7:30

256 பிட்டில் வராது. அதை 65,536 பக்கெட்டுக்குள் அடக்கிய பிறகு பழையபடி வரும். நேரம்தான் வீண். ஆனால் வெளியாள் அனுப்புவதை அப்படியே டேபிளில் போடும் வெப் சர்வர் என்றால் எஃப்.என்.வி-யை நம்பாதீர்கள். வேண்டுமென்றே ஒரே பக்கெட்டில் விழும் சொற்களாக அனுப்பி சர்வரை முடக்கலாம் என்று 2011 டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் செய்தே காட்டினார்கள். ரகசிய எண் சேர்த்துக் கொத்தும் சிப்ஹேஷுக்குப் பைதான் 3.4-ல் மாறியது இந்த வகைத் தாக்குதலுக்காகத்தான். வீட்டுக்குள் ஓடும் பிழைதிருத்திக்கு அது தேவையில்லை.

புள்ளிமான் – காலை 8:12

‘கோயில்’ மர்மம் என் பங்கு. பட்டியலில் இருப்பதையும் நீங்கள் தட்டச்சு செய்ததையும் பைட் எண்ணிப் பாருங்கள். ஒன்று 18, மற்றொன்று 21 வரும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க + ோ என்று ஒரே குறியாக, அல்லது க + ே + ா என்று இரண்டாக. திரையில் வித்தியாசமே தெரியாது. ஹேஷுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இது உண்டு. பட்டியலை ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் என்.எஃப்.சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்து நிற்பவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டு ஹேஷ் செய்யுங்கள். சி-யில் யூடிஎஃப்8பிராக் என்ற சிறிய லைப்ரரி போதும்.

சுண்டெலி – மாலை 6:40

18-ம் 21-ம் தான்! பந்தயம் உங்களுக்கே. எஃப்.என்.வி போட்டதும் 50 வினாடி 3 வினாடி ஆகிவிட்டது. நீளமான செயின் இப்போது 8.

ஆனால் இன்னமும் 26,000 பக்கெட் காலி. 60,000 சொல், 65,536 இடம். எங்கேயோ தப்பு செய்கிறேனா?

பழைய_சி_ஆள் – மாலை 7:02

இல்லை, அது சரியான எண். கண்ணை மூடிக்கொண்டு 60,000 கோலிக்குண்டை 65,536 குழியில் எறிந்தால் சுமார் 40 சதவீதம் குழி காலியாகத்தான் இருக்கும். குண்டு விழுந்த குழியிலேயே இன்னொன்றும் விழும். 23 பேர் இருக்கும் அறையில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்பதும் இதே கணக்குதான்.

சுண்டெலி – இரவு 9:15

நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று. என்.எஃப்.சி-க்குப் பிறகும் ‘கௌரவம்’ மட்டும் சிக்கவில்லை. பார்த்தால், பட்டியலில் ள எழுத்தைப் போட்டு ‘கெளரவம்’ என்று அடித்திருக்கிறார்கள். இப்படி 41 சொற்கள். ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ என்று மொத்தமாக மாற்றிவிட்டேன்.

புள்ளிமான் – இரவு 9:21

ஐயோ, நிறுத்துங்கள்! ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘வெளியே’ எல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ள அசலான எழுத்து என்பதால் என்.எஃப்.சி அதைத் தொடாது, அதன்மேல் குற்றமில்லை. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள். ‘வெளக்கு’, ‘வெளயாட்டு’ மாதிரிப் பேச்சு வழக்குச் சொல் இருந்தால் அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

சுண்டெலி – இரவு 9:24

‘தௌிவு’ என்று நிற்கிறது. நல்லவேளை, பழைய ஃபைல் பென்டிரைவில் இருக்கிறது.