கனவுபோல ஒரு தன்னுருவப்படம்: கண்ணாடியை எப்போது மூடிவைப்பது?

நிலாவெளிக்காரி:
வணக்கம். 40 × 50 சென்ரிமீற்றர் கான்வஸில் அக்ரிலிக்கால் தன்னுருவப்படம் செய்கிறேன். முன்கூட்டிக் கோடு போடாமல், நிறத்தைப் பரவவிட்டு அதில் எழும் உருவத்தைப் பிடித்துக்கொண்டு போக விருப்பம். கண்ணாடியைப் பார்த்தால் முகம் அடையாள அட்டைப் படம் மாதிரி இறுகிவிடுகிறது. பார்க்காவிட்டால் வேறு யாரோ வருகிறார். மூன்றாம் நாலாம் பூச்சில் எல்லாம் சேற்று நிறமாகிறது. கச்சான் (மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) வீசுவதால் நிறம் தட்டிலேயே காய்ந்தும் போகிறது. என்ன செய்யலாம்?

கரித்துண்டு:
தங்கச்சி, வரிசையை மாற்றிப் பாருங்கள். தற்செயலாக வரவேண்டியதெல்லாம் முகத்துக்கு முன்னமே வந்துவிட வேண்டும். முகம் வந்தபின் நிறத்தை ஓடவிட்டால் அழுக்குத்தான் மிஞ்சும்.

ஜெஸ்ஸோ (கான்வஸுக்குப் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் நைசான சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்க்கவேண்டும். அதன்மேல் இரண்டே நிறம், அல்ட்ராமரைன் நீலமும் பேர்ண்ட் சியென்னா என்ற செம்பழுப்பும் போதும். தண்ணீரோடு அக்ரிலிக் மீடியமும் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) கலந்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் மிஞ்சினால் நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை குறைந்து, அடுத்த பூச்சில் கிளம்பிவரும். ஈரத்தின்மேல் பொலித்தீன் தாளை விரித்து, உள்ளங்கையால் அழுத்தி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். கிளையும் பாசியும் பாறையுமாக வடிவங்கள் எழும். 1930களில் ஒஸ்கார் டொமிங்கெஸ் என்ற ஓவியர் இதைத் தாளில் கவாஷ் நிறத்தால் (ஒளி ஊடுருவாத நீர்வர்ணம்) செய்தார். இன்னொரு ஓவியரான மக்ஸ் ஏர்ன்ஸ்ட் இதை எண்ணெய் வர்ணத்துக்குக் கொண்டுபோனார்.

காய்ந்ததும் நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எப்படி வைத்தால் இருண்ட இடம் கண்குழிக்கு உதவுகிறதோ, அப்படியே வைத்து வரையுங்கள். கறைபடிந்த சுவரில் உருவம் தேடச் சொன்னவர் லியனார்டோ டா வின்சி. திருகோணமலையில் அதற்குக் கோட்டைச் சுவரே போதும்.

சாய்ந்த வெளிச்சம்:
கண்ணாடியை அடியோடு விலக்கவேண்டாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, துணியால் மூடி, ஞாபகத்திலிருந்து கரியால் வரையுங்கள். மூடமுன் மூன்று அளவை மட்டும் எடுங்கள்: இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரம், கண்ணிலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து நாடி. இவை ஒத்துவந்தால் மற்றதை நன்றாகவே கலைக்கலாம், ஆள் மாறமாட்டார். கண்ணாடியின் மேற்பரப்பில் முகத்தைக் கோடிட்டால் உண்மைத் தலையின் பாதி அளவுதான் வரும். ஆகவே அளவாக எடுக்காமல் விகிதமாக எடுங்கள்.

ஒளி ஒரே ஜன்னலிலிருந்து வரட்டும். ஒரு கண்ணின் மேலிமை, மூக்கின் நிழல்பக்கம், இந்த இரண்டு இடத்தில் மட்டும் கூரிய விளிம்பு. மிச்சமெல்லாம் பின்னணியோடு கரையலாம்.

கண்மூடிய முகம் வேண்டுமென்றால் கண்ணாடி உதவாது, போனில் எடுக்கவேண்டும். பிரெஞ்சு ஓவியர் ஒடிலோன் ரெடோன் 1890இல் வரைந்த கண்மூடிய முகத்தைப் பாருங்கள் (அது அவருடைய முகமல்ல). நிறம் மிக மெல்லியது, கான்வஸின் நெசவே தெரியும்.

இன்னொன்று. கனவுபோல வர முகம் கலங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. கட்டிலுக்கு மேல் பொருத்திய கண்ணாடியைப் பார்த்து வரையப் பழகிய மெக்சிக்கோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் படங்களில் முகம் துல்லியமாகவே இருக்கும். அதைச் சுற்றியிருப்பவைதான் விசித்திரம்.

ஈரத்துணி:
சேறு வருவது பூச்சின் எண்ணிக்கையால் இல்லை. ஈரம் காயமுன் எதிர்நிறங்கள் உரசுவதும், ஒவ்வொரு பூச்சிலும் வெள்ளை சேர்வதுமே காரணம். வெள்ளை கலந்த பூச்சு அடிநிறத்தைச் சுண்ணாம்புபோல மூடும். ஒரு பங்கு நிறத்துக்கு எட்டுப் பத்துப் பங்கு கிளேசிங் மீடியம் (நிறத்தைக் கண்ணாடிபோல மெல்லியதாக்கும் திரவம்) சேருங்கள். தொட்டால் ஒட்டாத பதம் வந்தபின்தான் அடுத்தது. பனிமூட்டத்துக்கு, எல்லாம் முடிந்தபின் உலர்ந்த தூரிகையில் துளி வெள்ளை.

கச்சானுக்கு: மூடியுள்ள தட்டைப் பெட்டியில் ஈரமான துணி, அதன்மேல் பேக்கிங் பேப்பர், அதில் நிறம். மின்விசிறியை நிறுத்தி மேற்கு ஜன்னலைச் சாத்துங்கள். ரிட்டார்டரை (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) போத்தலில் குறித்த அளவுக்கு மேல் போட்டால் பூச்சு ஒட்டும்பதத்திலேயே நிற்கும்.

நிலாவெளிக்காரி:
முகத்தை மட்டும் எண்ணெய் வர்ணத்தால் செய்யலாமா? நேரம் கூடக் கிடைக்குமே.

கரித்துண்டு:
தாராளமாக. அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் நிற்கும், எண்ணெயின்மேல் அக்ரிலிக் உரியும். அடிப்பூச்சை மூன்று நாலு நாள் காயவிடுங்கள். றோ அம்பர் என்ற பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் ஐதாக்கி முகப்பகுதி முழுக்கத் தேய்த்து, ஒளி விழும் இடங்களைப் பழந்துணியால் துடைத்தெடுங்கள். பிடிக்காவிட்டால் மறுபடி தேய்த்து மூடலாம். உங்கள் தேடலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மேற்பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போகவேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். ஐதாக்க மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

லின்சீட் எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் விட்ட தகரப்பேணியில் போட்டு மூடுங்கள்.

ஈரத்துணி:
மாரிக்கு முன் முடிக்கப் பாருங்கள். ஈரக்காற்றில் கான்வஸ் தளரும். சுவரோடு சாய்த்தால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். கடற்கரை வீடென்றால் அதற்கு முன் உப்புப்படலத்தைச் சற்றே ஈரமான துணியால் ஒற்றியெடுத்து நன்றாகக் காயவிடவேண்டும்.