பஸ் தடத்தில் பைக்: லண்டனைக் கூப்பிட்டவர் பதில் சொல்லட்டும்

டபுள்டெக்கர் தாத்தா (டர்பன்):
முந்தாநாள் பெட்ரோல் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் 'மூன்றாம் கியர்' தம்பி போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். அப்படியே தருகிறேன்: "ஜொகானஸ்பர்க்கில் ரேயா வாயா விரைவு பஸ்ஸுக்கான தனித் தடம் பாதி நேரம் காலியாகக் கிடக்கிறது. பைக்காரர்களை விட்டால் என்ன? லண்டனில் எல்லா பஸ் லேனிலும் பைக் போகலாம். அங்கே என்ன குடியா முழுகிவிட்டது?"

அதற்கு ஒன்பது பேர் கைதட்டியும் இருக்கிறீர்கள். அதனால்தான் தனியாக எழுத வேண்டியதாயிற்று.

எல்லா பஸ் லேனிலுமா? தம்பி, என் மகள் லண்டனில் இருக்கிறாள். மூன்று முறை போய் வந்திருக்கிறேன். வேடிக்கை பார்க்கப் போனவன் இல்லை, பஸ்ஸின் மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் முழுக்கச் சுற்றினேன். 31 வருஷம் பஸ் ஓட்டியவன் வேறு எதைப் பார்ப்பான்? அங்கே சிவப்புக் கோட்டுச் சாலை என்று உண்டு. அது மட்டும்தான் லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் கையில். அந்தச் சாலைகளில் உள்ள பெரும்பாலான பஸ் தடங்களில் பைக்குக்கு அனுமதி. மற்ற தெருக்கள் அந்தந்தப் பேட்டைக் கவுன்சில் பாடு. சில இடத்தில் விடுவார்கள், சில இடத்தில் விடமாட்டார்கள். நீலப் பலகையில் பைக் படம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் அபராதம். "எல்லா" என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள், அப்புறம் பேசலாம்.

மூன்றாம் கியர் (ஜொகானஸ்பர்க்):
தாத்தாவுக்கு வணக்கம். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பெரிய கட்டுரையா? சரி, "பெரும்பாலான" என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வாருங்கள்.

2009 ஜனவரியில், போரிஸ் ஜான்சன் மேயராக இருந்தபோது, சிவப்புக் கோட்டுச் சாலைகளில் 18 மாதச் சோதனையாக ஆரம்பித்தார்கள். அது முடிந்ததும் இன்னொரு சோதனை. 2012-இல் நிரந்தரம். இரண்டு முறை சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். பிரிஸ்டல் ஊரில் லண்டனுக்கும் முன்பே விட்டுவிட்டார்கள். இது என் கற்பனையா?

நான் தினமும் காலையில் எம்-1 நெடுஞ்சாலையில் இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே போகிறவன். இந்தப் பக்கக் கண்ணாடிக்கும் அந்தப் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே என் முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் ஒரு சாண். ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டு தடம் மாறினால் அன்றோடு என் கணக்கு முடிந்தது. பக்கத்திலேயே ஒரு தடம் காலியாகக் கிடந்தால் அதில் போக ஆசைப்படுவது குற்றமா? பஸ் சீட்டிலிருந்து உலகத்தைப் பார்த்தவருக்கு இது எங்கே புரியப்போகிறது.

டபுள்டெக்கர் தாத்தா:
"பெரும்பாலான" என்று "வைத்துக்கொள்ள" நான் என்ன உங்கள் வீட்டுக் கணக்கப்பிள்ளையா? நீங்கள் எழுதியது "எல்லா". அந்த வரி அங்கேயே இருக்கிறது, திருத்தக்கூட இல்லை.

இரண்டு சோதனை நடத்தினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, ஏன் இரண்டாவது என்று கேட்டீர்களா? முதல் சோதனையே திருப்தி என்றால் இரண்டாவது எதற்கு? இரண்டாவது முறை பைக்காரர்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தப் போலீசையும் இறக்கினார்கள். இங்கே எந்தப் போலீஸ் இறங்கும்? ரோபாட் அணைந்துபோன சந்திப்பிலேயே நிற்க ஆள் இல்லை.

லெனேசியா டீச்சர்:
ஒரு சின்னக் கேள்வி. எந்த பஸ் தடத்தைப் பற்றிப் பேசுகிறோம்? சாலை ஓரத்தில் பெயின்ட் அடித்துப் பிரித்ததா, ரேயா வாயா மாதிரி நடுச்சாலையில் மேடை நிலையங்களோடு இருப்பதா? இரண்டும் ஒன்றல்லவே. இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

அம்பத்தூர் எக்ஸ்பிரஸ் (சாண்ட்டன்):
தாத்தா சொல்லும் "ரோபாட்" இந்த ஊர் டிராஃபிக் சிக்னல். நான் சென்னையிலிருந்து வந்த முதல் வாரத்தில் "ரோபாட்டில் லெஃப்ட் எடு" என்றார்கள். பொம்மைக்கடையைத் தேடிக்கொண்டு போனேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மூன்றாம் கியர் பக்கம். நம் ஊரில் அண்ணா சாலையில் பஸ், பைக், ஆட்டோ எல்லாம் ஒன்றாகத்தான் போகின்றன, யாரும் இப்படி அழுவதில்லை. இன்னொன்று, தாத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள், "பேட்டைக் கவுன்சில்" என்பதெல்லாம் என்ன தமிழ்? படித்தபோது எங்கள் பெரியப்பா காலத்துப் பத்திரிகை மாதிரி இருந்தது.

டபுள்டெக்கர் தாத்தா:
ஓ, தமிழுக்கு வந்தாயிற்றா. வரட்டும்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. எங்கள் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கியது அன்றுதான். அப்போதிலிருந்து கோவில் திண்ணையிலும் சனிக்கிழமை வகுப்பிலும் காப்பாற்றி வைத்த தமிழ் இது. விமானத்தில் கணினியோடு வந்து இறங்கியவர் மார்க் போட வேண்டாம். அண்ணா சாலையில் யாரும் அழுவதில்லை என்கிறீர்கள். அங்கே பைக்கில் விழுந்தவன் வீட்டில் போய்க் கேட்டீர்களா?

பஸ் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டர்பனின் கேட்டோ மேனர் பேட்டையிலிருந்து எங்கள் குடும்பங்களைப் பெயர்த்து 1960-களில் நிறவெறி அரசு ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்த் தள்ளியது. வேலை இருந்தது நகரத்தில், வீடு இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் இருந்தது பஸ் ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் நம் ஆட்களே கடன் வாங்கி ஓட்டிய பஸ். நகரத்து விக்டோரியா ஸ்ட்ரீட் பஸ் நிலையத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். என் தாத்தாவுக்கு அரை பஸ் சொந்தம். சிரிக்காதீர்கள், இன்னொரு அரை அவர் மச்சானுடையது. பஸ்ஸில் போகிறவன் 70 பேர். அந்த 70 பேருக்காகப் போட்ட தடத்தில் ஒருவன் தன் முழங்கால் கதையைச் சொல்லிக்கொண்டு நுழைய வேண்டுமாம்.

அப்புறம், "எல்லா பஸ் லேனிலும்" என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சைக்கிள் செல்வி (கேப் டவுன்):
இரண்டு பேரும் மறந்துபோன ஒரு ஜீவன் உண்டு, சைக்கிள்காரர். லண்டனில் இந்தச் சோதனையை முதலில் எதிர்த்தவர்களே சைக்கிள்காரர்கள்தான். ஓரத் தடத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவளின் தோளை உரசிக்கொண்டு 60-இல் ஒரு பைக் போனால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பஸ் பெரியது, சத்தம் போடும், வருவது தெரியும். பைக் அப்படியில்லை.

எங்கள் ஊரில் என்-2 நெடுஞ்சாலையில், விமான நிலையப் பக்கமிருந்து நகரத்துக்கு வரும் வழியில், காலை நேரத்தில் ஒரு தடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பஸ்ஸுக்கும் மினிபஸ் டாக்சிக்கும் என்று பெயரிலேயே இருக்கிறது. ஆனால் தினமும் தனியாக ஆள் உட்கார்ந்த கார்கள் அதில் நுழைவதைப் பார்க்கிறேன். ஒருவருக்குக் கதவைத் திறந்தால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். அதுதான் என் பயம்.

மூன்றாம் கியர்:
வாருங்கள் செல்வி அக்கா, நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். சைக்கிள் பஸ் தடத்தில் போகலாம், பைக் போகக்கூடாது. இது எந்த ஊர் நியாயம்? மெதுவாகப் போகிற சைக்கிளுக்குப் பின்னால் 70 பேர் உள்ள பஸ் ஊர்ந்துகொண்டு போனால் தாத்தாவுக்கு நெஞ்சு வலிக்காதா?

தாத்தா, உங்கள் ஊர்ப் பெருமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் உங்கள் டர்பனில் 'கோ டர்பன்' என்று ஒரு பஸ் திட்டம் போட்டு, நிலையமெல்லாம் கட்டி, பஸ் ஓடாமல் வருஷக்கணக்கில் கிடந்ததே, அந்தத் தடத்தில் யாரை விடலாம்? பைக்கையா, ஆட்டையா? எங்கள் ஊரில் 2009 ஆகஸ்டிலேயே, 2010 கால்பந்து உலகக்கோப்பைக்கு முன்னாலேயே, சொவேட்டோவிலிருந்து எல்லிஸ் பார்க் வரை ரேயா வாயா பஸ் ஓடிவிட்டது. முதலில் பஸ்ஸை ஓட்டுங்கள், அப்புறம் தடத்துக்குக் காவல் இருங்கள்.

டபுள்டெக்கர் தாத்தா:
ஆடு. நல்லது. போன காவடிக்குக் கோவில் வாசலில் பைக்கை நிறுத்திப் பால்குடம் வருகிற வழியை மறித்தது யார் என்று இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். "அஞ்சு நிமிஷம்தான் அண்ணே" என்றவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். காலியாகத் தெரிகிற இடமெல்லாம் தனக்கு என்று நினைக்கிற புத்தி அன்றைக்கே தெரிந்தது.

ரேயா வாயா பற்றியே பேசுவோம். அந்தத் தடம் எங்கே இருக்கிறது? நடுச்சாலையில். வலது பக்கம் திரும்புகிற கார் எதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திரும்பும்? அந்தத் தடத்தை. திரும்புகிறவன் பார்ப்பது 18 மீட்டர் நீள பஸ் வருகிறதா என்றுதான். பஸ் இல்லையென்றால் திரும்பிவிடுவான். அந்த நேரம் நம் தம்பி மூன்றாம் கியரில் வந்துகொண்டிருப்பார். நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னும் மோசம். ஒரு பக்கம் மேடைச் சுவர், இன்னொரு பக்கம் தடுப்புக் கல். பஸ் நின்றால் பின்னால் இருப்பவனும் நிற்க வேண்டியதுதான். இவர் நிற்பாரா? இடுக்கில் நுழைவார். பஸ் ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்ப்பானா, பிரேக்கைப் பார்ப்பானா?

ஒரு தடவை ஒரு பையன் என் பஸ்ஸின் இடது பக்கம், நிறுத்தத்துக்கும் படிக்கும் நடுவில், பைக்கை நுழைத்தான். ஒரு அம்மா ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். நூலிழையில் தப்பினார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லண்டனில் எல்லா பஸ் லேனிலும் போகலாமாம்!

ஃபீனிக்ஸ் பையன்:
என் அண்ணன் பைக்கில் டெலிவரி ஓட்டுகிறான். இங்கே பேசுகிற எல்லோருமே சாயங்காலம் போனில் ஆர்டர் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் தாமதமானால் ஸ்டாரைக் குறைக்கிறவர்கள்தான். அவனுக்கு மாதச் சம்பளம் இல்லை, ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்று காசு. மினிபஸ் டாக்சி ஓரத்தில் படாரென்று நிற்கும், கதவு திறக்கும், இவன் நடுவில். அவனைப் பற்றி யாராவது பேசினீர்களா? லண்டன், அண்ணா சாலை, ட்ரூரோ கப்பல், எல்லாம் வந்துவிட்டது.

டபுள்டெக்கர் தாத்தா:
தம்பி, உன் அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனை அப்படி ஓட வைக்கிறவன் மேல்தான் வருத்தம். ஆனால் அவனைக் கொண்டுபோய் பஸ் முன்னால் விட்டால் சரியாகிவிடுமா? டாக்சியிடமிருந்து தப்பித்து பஸ்ஸிடம் மாட்டுவான். அவனையும் லண்டன் பெயர் சொல்லி யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அம்பத்தூர் எக்ஸ்பிரஸ்:
தாத்தா, உங்கள் கணக்குப்படி பைக் எங்கேயும் போகக்கூடாது. கார்களுக்கு நடுவே போனால் குற்றம், ஓரத்தில் போனால் டாக்சி, பஸ் தடத்தில் போனால் 70 பேர். பறக்கட்டுமா?

தமிழுக்கு மார்க் போட்டேன் என்றீர்கள். போடவில்லை, ஒரு சந்தேகம் கேட்டேன். உங்கள் காலத்தில் சந்தேகம் கேட்டால் பிரம்படி போலிருக்கிறது.

டபுள்டெக்கர் தாத்தா:
பிரம்படி வாங்கியதால்தான் "எல்லா"வுக்கும் "சில"வுக்கும் வித்தியாசம் தெரிகிறது. சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மொழிக்கு அரசு மரியாதை கொடுத்த ஊர். அங்கே பஸ் தட நேரத்தில் பைக்கை விட்டுப் பாருங்கள், அபராதச் சீட்டு வீடு தேடி வரும். பாரிஸிலும் பஸ் தடத்தில் பைக்குக்கு இடம் இல்லை. ஏன் தம்பி லண்டனை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்? அதையும் பாதிதான் தூக்கிக்கொண்டு வருகிறார்.

மூன்றாம் கியர்:
சிங்கப்பூரைக் கொண்டுவந்தால் அங்கே உள்ள சாலை ஒழுங்கையும் கொண்டுவாருங்கள். இங்கே ரேயா வாயா தடத்தில் மினிபஸ் டாக்சி நுழைந்து போவதை நான் என் கண்ணால் பார்க்காத நாள் இல்லை. அவர்களைக் கேட்க உங்களில் ஒருவருக்கும் வாய் இல்லை. பைக்காரன் இளைத்தவன், அவனிடம் சட்டம் பேசலாம். செல்வி அக்காவிடமும் ஒன்று கேட்கிறேன், சாலையில் கடைசியாக உங்கள் தோளை உரசியது பைக்கா, டாக்சியா?

சைக்கிள் செல்வி:
டாக்சி. அதனால் பைக்கும் உரசலாம் என்று அர்த்தமா? இது என்ன வாதம்!

லெனேசியா டீச்சர்:
நான் கேட்டது இன்னும் அங்கேயே இருக்கிறது. ஓரத் தடமா, நடுத் தடமா? தாத்தா ஒரு பதிவில் நடுத் தடத்தைச் சொல்கிறார், அதே பதிவில் இடது பக்க நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார். கியர் தம்பி சொவேட்டோவைச் சொல்லிவிட்டு லண்டன் ஓரத் தடத்தை உதாரணம் காட்டுகிறார். யாருக்காவது கேட்கிறதா?

டபுள்டெக்கர் தாத்தா:
டீச்சரம்மா, எந்தத் தடமாக இருந்தால் என்ன, அதன் பெயரில் பஸ் என்று இருக்கிறதல்லவா?

மூன்றாம் கியர்:
இதற்குத்தான் சொன்னேன், பேசிப் பயனில்லை. நாளைக் காலை ஆறரைக்கு எம்-1-இல் என் பின்னால் உட்கார்ந்து வாருங்கள் தாத்தா. ஹெல்மெட் நான் தருகிறேன். முழங்காலை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டபுள்டெக்கர் தாத்தா:
நான் டர்பனில் இருக்கிறேன், நீங்கள் ஜோபர்க்கில். 550 கிலோமீட்டருக்குக் குறையாது. நான் பஸ்ஸில்தான் வருவேன். அதற்குள் அந்த "எல்லா"வைத் திருத்தி வையுங்கள்.

மூன்றாம் கியர்:
திருத்தமாட்டேன்.