நீள டிரெய்லரைப் பங்க்குக்குள் விடலாமா? திருமயம் – காரைக்குடி ரோட்டுச் சண்டை

கோட்டையூரான்:
இந்த வாரம் காரைக்குடிக்கு முன்னால் ஒரு பங்க்கில், இரும்பு உத்திரம் ஏற்றிய லோபெட் (தளம் தாழ்ந்த நீள டிரெய்லர்) டீசல் போட உள்ளே நுழைந்து மாட்டிக்கொண்டது. மூக்கு ரோட்டில், வால் பம்பை ஒட்டி. இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசை கட்டின. இந்த வண்டிகளைப் பங்க்கில் விடவே கூடாது என்பது என் கட்சி. டீசலைத் திருச்சியிலேயே ரொப்பிக்கொண்டு வரட்டுமே?

புல்லர் டிரைவர்:
சொல்வது சுலபம் அண்ணே. கம்பெனி கொடுக்கிற டீசல் கார்டு, அவர்கள் கணக்கு வைத்திருக்கும் எண்ணெய் நிறுவனத்துப் பங்க்கில்தான் ஓடும். டேங்கை முழுக்க ரொப்பினால் ராத்திரி உறிஞ்சிவிடுவார்கள் என்று பாதிதான் போடச் சொல்லும் முதலாளிகளும் உண்டு. லோடோடு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. வழியில் எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் சொன்ன வண்டி மாட்டியது உள்ளே போனதால் அல்ல, வெளியே வரும் வழியைப் பார்க்காமல் போனதால். நுழையும்போது இடப்பக்கம் ஒடிக்கிறோம். பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்வாங்கி மூலையை அறுக்கும். காற்றுப் பிடிக்கிற மிஷின் அந்த மூலையில் இருந்தால் அது காலி. அதே நேரம் பின் ஆக்சிலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் லோடு வலப்பக்கம், ரோட்டைப் பார்த்து வீசும். ஓவர்டேக் செய்கிற பைக்காரன் தலைக்கு நேராக. வெளியேறும்போது எல்லாம் தலைகீழ். வலப்பக்கம் ஒடித்தால் வால் இடப்பக்கம், பம்பை நோக்கிப் போகும். கேபினில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டுதான் தெரியும், வால் தெரியாது.

பங்க் மேனேஜர், தேவகோட்டை:
டிரைவர் தம்பி சொன்னது சரி, ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். அடியில் டேங்க் இருக்கிறது, அதன் மூடிகள் தளத்தோடு தளமாக இருக்கும். அதன் மேல் அத்தனை ஆக்சிலும் ஏறி இறங்குவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. டேங்கர் லாரி எண்ணெய் இறக்கும் நேரத்தில் அது சட்டென வெளியேற வழி விட்டாக வேண்டும். உங்கள் வண்டி குறுக்கே நின்றால் அந்த வழி அடைபட்டது. ஏதாவது ஆனால் பேப்பரில் வரப்போவது பங்க் பெயர்தான்.

கோட்டையூரான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் லோடு முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சட்டம் இருக்கிறதே!

புல்லர் டிரைவர்:
அனுமதி வாங்கிய வண்டிக்கு அது பொருந்தாது அண்ணே. அனுமதிக் காகிதத்தில் எந்த ரூட் என்று இருக்கும், எந்தப் பங்க் என்று இருக்காது.

லோடு சூப்பர்வைசர்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிரெய்லரை வெளியே ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, இழுக்கிற முன்வண்டியான புல்லரை மட்டும் கழற்றிக்கொண்டு போய் டீசல் போடலாமே? இல்லையென்றால் டீசல் கொண்டுவந்து ஊற்றும் பவுசர் வண்டியை லோடு நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லலாம்.

புல்லர் டிரைவர்:
சார், கழற்றுவது உங்களுக்கு ஒரு வரி, எனக்கு ஒரு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டோரச் செம்மண்ணில் ஸ்டாண்டு இறங்கிவிட்டால் அப்புறம் கிரேன்தான். பலகை போட்டாலும் நம்ப முடியாது. இந்தப் பக்கம் ரோட்டை ஒட்டியே ஊருணிக் கரை வேறு. பவுசருக்கு ராத்திரி பத்து மணிக்கு யார் வருவார்கள்?

என் வழி இதுதான். வண்டியை ரோட்டிலேயே ஓரம் கட்டி, நானும் கிளீனரும் இறங்கிப் பங்க்கை ஒரு சுற்று நடந்து பார்ப்போம். வெளியேறும் வாயிலைத்தான் முதலில் பார்ப்போம். சரிப்பட்டால் வெளிப்பக்க வரிசைக்கு மட்டும் போவோம். கிளீனர் வாலோடு நடந்து வருவான். தேர் திருப்பும்போது முன்னால் வடம் பிடிக்கிற கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் சொன்னால்தான் தேர் நகரும், அந்த மாதிரி. அவன் கை காட்டவில்லை என்றால் நான் பிரேக்கிலிருந்து கால் எடுக்க மாட்டேன். சரிப்படவில்லை என்றால் அடுத்த பங்க்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பிகளா, நடுவில் நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் காவடியோடு ரோட்டோரம்தான் வருகிறார்கள், பாதிப் பேர் விடியுமுன்னே. டீசலுக்காக ரோட்டோரம் ஒதுங்கி நின்றாலும் அவர்கள் நடுரோட்டுக்கு இறங்க வேண்டியதாகிறது. அந்த நாட்களிலாவது புறவழிச்சாலையில் போகக் கூடாதா?

பங்க் மேனேஜர், தேவகோட்டை:
ஆச்சி சொல்வது நியாயம். நான் தடை கேட்கவில்லை, தகவல் கேட்கிறேன். வருவதற்கு அரை மணி முன்னால் ஒரு போன் போட்டால், டேங்கர் இறக்குகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன், வெளி வரிசையில் கார், பைக் நிற்காமல் பார்த்துக்கொள்வேன்.

கோட்டையூரான்:
அன்று மாட்டிய டிரைவர் போன் போட்டாரா என்ன? பத்தில் ஒருவர் நடந்து பார்ப்பார் என்று நம்பி மற்ற ஒன்பது பேரையும் உள்ளே விடச் சொல்கிறீர்கள். என் கட்சியில் மாற்றமில்லை.

புல்லர் டிரைவர்:
அப்படியானால் ஓட்டத் தெரியாதவனைத் தடுக்கச் சொல்லுங்கள் அண்ணே, வண்டியை அல்ல. மேனேஜர் சார், உங்கள் பங்க்கில் வெளி வரிசைக்கும் போர்டு கம்பத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று மட்டும் அளந்து போடுங்கள். போன தடவை கம்பத்தில் ஒரு நசுங்கல் பார்த்தேன். அது என் வேலை இல்லை.