புதுப்பிப்பு: கேரவன் சமையல் மேடையில் மஞ்சள் கறை

எங்கள் கேரவனின் வெள்ளை லேமினேட் மேடையில் மீன் கறி கொட்டிய கறைக்குப் போன வாரம் வழி கேட்டிருந்தேன். கறை போய்விட்டது! சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல் பூசினேன். கறை சட்டென்று சிவந்ததும் பயந்துவிட்டேன். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோடாவின் காரத்தன்மை பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தபின் வெளிர் மஞ்சள் மட்டும் மிச்சம். அப்புறம் கதவைத் திறந்து, சுங்கை சிப்புட் ஊர் வெயிலை மேடைமேல் விழவிட்டேன். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். மூன்றாம் நாள் தேடினாலும் கறை தெரியவில்லை.

பெயிண்ட் கரைக்கும் தின்னர் போடச் சொன்ன அண்ணே, மன்னிக்கணும், அதைத் தொடவில்லை. பக்கத்திலேயே அக்ரிலிக் ஜன்னல். தின்னர் பட்டால் மங்கி, மயிரிழை விரிசல் விடும். கம்பி நாரும் வேண்டாம். லேமினேட்டின் மேற்பரப்பு கீறிவிட்டால் அடுத்த கறை அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

வெயில் யோசனை தந்த தோட்டத்து அக்காவுக்கு ரொம்ப நன்றி.