காதல் தேவருக்குச் சார்ம் ஆரா தேவையா? (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டு, 5ஆம் பதிப்பு, 2014 விதிகள்)

செம்பகடை: பேரழகுத் தெய்வம் சூனியின் சன்னதிக்குக் காவலா ஆர்போரியாங்கற தேவலோகத்திலிருந்து ஒரு காதல் தேவர் வர்றார். கேயாடிக் குட் (கட்டுப்பாடு பிடிக்காத நல்லவர்), சிஆர் (எதிரியா எவ்வளவு கடினம்ங்கற அளவு) 10. 60 அடிக்குச் சார்ம் ஆரா (பக்கத்துல இருக்கறவங்க மனசை மயக்கற வளையம்) வைக்கலாம்னு நினைக்கிறேன். சரியா வருமா?

கெயில்_கட்சி: தாராளமா வைங்க. 3.5 பதிப்புல கெயில் எலட்ரின்ங்கற தேவ வகை, சிஆர் 13, சார்ம் மான்ஸ்டர் மந்திரத்தை எத்தனை தடவை வேணாலும் போடும். டிசி, அதாவது தப்பிக்க உருட்டற பகடையில எட்ட வேண்டிய எண், 17. 2018ல வந்த வசந்த எலட்ரினுக்கும் 60 அடி ஆராதான். விஸ்டம் சேவ் (அந்தத் தப்பிக்கற உருட்டு) தவறினா ஒரு நிமிஷம் சார்ம்.

நீலக்கேடயம்: முன்னாடி இருந்துச்சுங்கறதுக்காக எடுத்து வைக்கணுமா? சக்குபஸ்ங்கற மயக்குப் பிசாசு செய்யறதும் அதே வேலைதானே: 30 அடி, விஸ்டம் டிசி 15, ஒரு நாள் முழுக்க. சுதந்திரத்துக்காகவே சண்டை போடற இனம் அடுத்தவன் மனசைப் பூட்டினா, ரெண்டுக்கும் நடுவுல றெக்கை நிறம்தான் வித்தியாசம்.

கெயில்_கட்சி: சக்குபஸ் சொன்னபடி ஆட்டி வைக்கும். வெறும் சார்ம் நிலை அப்படி இல்லீங்க. சார்ம் பண்ணவரைத் தாக்க முடியாது, பேச்சுவார்த்தை ரோல்ல அவருக்கு அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டி பெரிசை எடுக்கறது), அவ்வளவுதான். சன்னதிக்குள்ள கத்தி உருவாம தடுக்க இதைவிட மென்மையான வழி எது?

நீலக்கேடயம்: காம் எமோஷன்ஸ்ங்கற மந்திரம். 20 அடி ஆரம், கரிஸ்மா சேவ். ஏற்கெனவே இருக்கற சார்மையும் பயத்தையும் அடக்கி வைக்கும். ஹியூமனாய்டு (மனுஷ வடிவ இனங்கள்) மேல மட்டும்தான் பலிக்கும், டீமன் வந்தா உதவாது. அதனால முக்கிய ஆயுதமா வார்டிங் பாண்ட் (காவல் பந்தம்) மந்திரம் கொடுங்க. தொட்டுப் போடணும், ஒரு மணி நேரம் நிக்கும். காக்கப்படறவருக்கு ஏசிக்கும் (அடிபடாம காக்கற கவச எண்) சேவ்களுக்கும் +1, எல்லா டேமேஜும் பாதி. அவர் வாங்கற அதே டேமேஜ் தேவருக்கும் விழும். காதல் தேவருக்கு இதைவிடப் பொருத்தமான மந்திரம் விதிப் புத்தகத்துலயே கிடையாது.

கெயில்_கட்சி: படிக்க அழகுதான், கணக்கு போட்டுப் பாருங்க. ஒரே ஃபயர்பால் (நெருப்பு வெடிப்பு) மந்திரத்துல ரெண்டு பேரும் மாட்டி, ரெண்டு பேரும் சேவ் தவறினா: 8டி6 (ஆறு பக்கப் பகடை எட்டு), சராசரி 28. காக்கப்படறவருக்கு 14. தேவருக்குச் சொந்தப் பங்கு 28, பந்தம் வழியா 14, மொத்தம் 42. அவர் கான்சன்ட்ரேஷன்ல (ஒரு மந்திரத்தைக் கவனமா பிடிச்சு வைக்கற நிலை) இருந்தா ரெண்டு சேவ்: 28க்கு டிசி 14, 14க்கு டிசி 10. நீங்க சொன்ன காம் எமோஷன்ஸ் அங்கேயே கலைஞ்சிடும்.

நீலக்கேடயம்: அப்போ சண்டை தொடங்கினதும் கான்சன்ட்ரேஷன் மந்திரம் எதையும் கையில எடுக்காதீங்க. ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 150க்குக் குறையாம வைங்க. ரெண்டு பேரையும் 45, 50 அடி தள்ளி நிறுத்துங்க, 20 அடி ஆர வெடிப்பு ஒண்ணால ரெண்டு பேரையும் பிடிக்க முடியாது. 60 அடி தாண்டினா பந்தமே அறுந்துடும், தரைப்படத்துல கட்டம் எண்ணிக்கணும். தேவர் பூஜ்யத்துக்கு வந்தாலும் அறுந்துடும்.

மேசைக்கணக்கர்: ஆராவைப் பத்தி ஒரு விஷயத்தை நீங்க ரெண்டு பேருமே சொல்லலை. வசந்த எலட்ரின் ஆரா "எலட்ரின் அல்லாத யாரும்"னு போட்டிருக்கு. கோயில் காவலர், பூசாரி, உங்க பார்ட்டி எல்லாரும் டர்ன் தொடக்கத்துல உருட்டணும். ஒரு தடவை ஜெயிச்சா 24 மணி நேரம் விடுதலைங்கறதால மூணாவது சுத்துலயே ஆரா ஏறக்குறைய செத்துடும். முதல் ரெண்டு சுத்து மட்டும் மேசை நகரவே நகராது.

கெயில்_கட்சி: "தேவர் தேர்ந்தெடுக்கும் எதிரிகள்"னு மாத்திட்டா தீர்ந்தது.

நீலக்கேடயம்: ஆட்டம் மந்தமாகறது தீரும். பூட்டற வேலை அப்படியே இருக்கே.

செம்பகடை: ஆராவை எடுத்துட்டு பந்தத்தை வைக்கிறேன். மோதிரம் தேவருக்கும் வேணுமா?

மேசைக்கணக்கர்: வார்டிங் பாண்டுக்குத் தலா 50 பொன்னாவது மதிப்புள்ள பிளாட்டினம் மோதிரம் ஜோடியா வேணும், ஆளுக்கொண்ணு போட்டிருக்கணும். உங்க தேவருக்குப் பிறவித் திறனா எழுதினா "பொருள் தேவையில்லை"னு ஒரு வரி சேர்த்துடுங்க. இல்லேன்னா எதிரி மோதிரத்தைத்தான் முதல்ல குறிவைப்பான்.