ரோமா இளம்பெண்களுக்கான தலைமைப் பயிற்சி: களத்தில் இருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

கிழக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து:

பலகையில் "தன்னம்பிக்கை" என்று எழுதி ஆரம்பிக்கும் வகுப்பு இரண்டாவது சனிக்கிழமையே பாதி காலியாகிவிடும். ஐரோப்பா நெடுக ஒதுக்கப்பட்டு வாழும் ரோமா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த இந்தப் பெண்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சை அலுவலகக் கவுண்ட்டரில் பேசினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் முதல் நாளே ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

இங்கே நாங்கள் எடுப்பது எங்கள் பக்கத்து நகரமான பிரெஷோவின் மருத்துவமனை வழக்கு. 2000 ஆகஸ்டில் 20 வயது ரோமா பெண் ஒருவருக்கு சிசேரியன் செய்தபோதே இனிக் குழந்தை பிறக்காதபடி நிரந்தரக் கருத்தடையும் செய்துவிட்டார்கள். பிரசவக் குறிப்பில் "நோயாளி கருத்தடை கோருகிறார்" என்று தட்டச்சு செய்த ஒரு வரி, அதன் கீழே அவர் கையெழுத்து. எழுத்து நடுங்கியிருக்கிறது, பிறந்த வீட்டுப் பெயர் இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இடுப்பு வலியின் நடுவில் வாங்கியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011 நவம்பரில் இது மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தைக்கான தடையை மீறியது என்று தீர்ப்பளித்து 31,000 யூரோ வழங்கச் சொன்னது.

வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரியை எழுதியது யார்? அதன்பிறகு இருவர் இருவராக நடித்துப் பார்க்க வேண்டும். ஒருத்தி படுத்திருப்பாள், இன்னொருத்தி கடிகாரத்தைப் பார்த்தபடி "சீக்கிரம் போடும்மா" என்று அவசரப்படுத்தும் நர்ஸ். படுத்திருப்பவள் சொல்ல வேண்டியது: "எனக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்லுங்கள். படித்துவிட்டுத்தான் போடுவேன்." இதை ஸ்லோவாக் மொழியில்தான் பயிற்சி செய்ய வேண்டும். வீட்டு மொழியான ரோமானியில் சரளமாக வரும், ஆனால் மருத்துவமனையில் வேண்டியது ஸ்லோவாக்.

ருமேனியாவிலிருந்து:

அக்கா சொன்ன காகித விஷயத்தோடு நகல் கேட்பதையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கமே இன்னொரு வழக்கு இருக்கிறதே. சிசேரியனுக்குப் பிறகு குழந்தை தங்காத எட்டு ரோமா பெண்கள் தங்கள் மருத்துவக் கோப்பைக் கேட்டார்கள். பார்க்கலாம், கையால் குறிப்பு எடுக்கலாம், ஜெராக்ஸ் மட்டும் தரமாட்டோம் என்றார்கள். அதற்கே அதே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2009 ஏப்ரலில் ஜெயித்தார்கள். இன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிப்படி முதல் நகல் இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 அக்டோபரில் உறுதி செய்துவிட்டது. "எதுக்கு உனக்கு?" என்ற கேள்வியில்தான் பெண்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள், அதனால் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்ய வைக்கலாம்.

மனு எழுதுவதற்கு இங்கே அரை நாள் ஒதுக்குகிறோம். யாருக்கு, என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன வேண்டும்: ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பதிவு எண்ணும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவு எண் இல்லாத மனு கொடுக்காத மனு மாதிரிதான். ருமேனியாவில் 2002ஆம் ஆண்டின் 27ஆம் எண் ஆணைச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், 15 நாள் வரை நீட்டிக்கலாம். பெயரும் முகவரியும் இல்லாத மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பயந்துபோய்ப் பெயர் போடாமல் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தனியாகப் போடப் பயமென்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திடலாம். பாகுபாட்டுக்கு எதிரான தேசியக் கவுன்சிலுக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இன்னொன்று: பேச்சுப் பயிற்சி என்றாலே மேடையும் மைக்கும் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு எழுத்தரிடம் ஒரு நிமிடம் பேசத் தெரிந்தால் போதும்.

ஹங்கேரியிலிருந்து:

பாடத்திட்டம் சரி, ஆள் வந்தால்தானே! 12 பேரைத் தாண்டினால் கூச்சம் வந்துவிடும். ஆரம்பிப்பதற்கு முன்பே வீட்டுக்குப் போய் அம்மாவையோ மாமியாரையோ பார்த்து, எங்கே நடக்கிறது, யார் நடத்துகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிட வேண்டும். இருட்டுவதற்கு முன் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும். கைக்குழந்தைக்காரிகளுக்காக அடுத்த அறையில் சம்பளத்துக்கு ஒருவரை வைக்க வேண்டும். தன்னார்வலரை நம்பினால் மூன்றாம் வாரம் வரமாட்டார். பயணக் காசை அன்றைக்கே கையில் கொடுங்கள். "டிக்கெட்டைக் கொண்டு வா, அடுத்த மாதம் தருகிறோம்" என்பதற்கு நிதி கொடுப்பவர்களிடம் ஆயிரம் நியாயம் இருக்கும், ஆனால் போக வர டிக்கெட்டுக்கு முன்பணம் போடும் நிலையில் அந்தப் பெண் இல்லை.

நடத்துபவர்களில் ஒருவராவது ரோமா பெண்ணாக இருக்க வேண்டும், ஆனால் அதே குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. சித்தி முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். புகைப்படத்துக்குத் தனிச் சம்மதத் தாள் வேண்டும். வருகைப் பதிவேட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்து வாங்குவது அந்தப் பிரெஷோவ் காகிதத்தின் தங்கச்சிதான்.

செக் குடியரசிலிருந்து:

"தலைவி" என்று ஒருத்தியைப் பொறுக்கி எடுத்து எல்லாக் கூட்டத்துக்கும் அவளையே அனுப்புவது பெரிய கேடு. அவளுக்கு அலுத்துப்போகும், மற்றவர்கள் விலகிவிடுவார்கள். எந்த அலுவலகத்துக்கும் இரண்டு பேராகப் போகட்டும், ஒருத்தி பேச ஒருத்தி குறிப்பெடுக்க, அடுத்த முறை மாற்றிக்கொள்ளட்டும்.

காரியம் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆஸ்த்ராவாவைச் சேர்ந்த எலெனா கொரொலோவா 1990இல் இதேபோல் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர். அவரும் மற்றப் பெண்களும் சேர்ந்து குரல் கொடுக்க, நாட்டின் குறைகேள் அதிகாரி 2005இல் அறிக்கை வெளியிட்டார், 2009இல் அரசு வருத்தம் தெரிவித்தது, தலைக்கு 3,00,000 கொருனா (செக் நாணயம்) இழப்பீடு தரும் சட்டம் வந்தது 2021இல். அதன்பிறகும் மருத்துவமனைகள் பழைய கோப்புகளை அழித்துவிட்டிருந்ததால் பலருடைய விண்ணப்பங்கள் சிக்கின. இன்றைக்கு 18 வயதுப் பெண் தன் டிஸ்சார்ஜ் தாளை ஒரு கவரில் போட்டு வைக்க வேண்டியது இதற்காகத்தான்.

ஆதாரம் திரட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2003இல் ஸ்லோவாக்கியாவில் கருத்தடை பற்றிய அறிக்கை வெளிவந்தபோது, அதைத் தயாரித்தவர்கள் மீதே பொய்ப் பீதி கிளப்பியதாக வழக்குப் போடுவோம் என்று அரசுத் தரப்பு மிரட்டியது. வாக்குமூலத்தில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுங்கள். எண்ணும் பெயரும் உள்ள பட்டியலை வேறு இடத்தில் வையுங்கள்.

ஆனால் அக்கா, முதல் நாளே பிரெஷோவ் வழக்கு என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த அறையில் இருப்பவளின் அம்மாவுக்கோ அத்தைக்கோ அதே கதி நேர்ந்திருக்கலாம். வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்கு அங்கேதான் உறைக்கும்.

கிழக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து:

நியாயமான பேச்சு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் பள்ளி வழக்கில் ஆரம்பிக்கலாம். உங்கள் ஆஸ்த்ராவா வழக்கே இருக்கிறது: 18 மாணவர்கள், 2007 நவம்பர் 13 தீர்ப்பு. அந்த ஊரில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளிக்குத் தள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட 27 மடங்கு என்று கணக்கெடுத்துக் காட்டித்தான் ஜெயித்தார்கள். அதே கணக்கைப் பெண்களே தங்கள் பள்ளிக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பதிவேட்டை நம்பி உட்கார வேண்டாம். எந்தக் கட்டடம், எந்த மாடி, சாப்பாட்டு மேஜை எது, எந்த வாசல் வழியாக யார் நுழைகிறார்கள் என்று வரைபடம் போட்டாலே விஷயம் தெரிந்துவிடும். பெரிய தாளும் இரண்டு நிற ஸ்கெட்ச் பேனாவும் போதும். மருத்துவமனை வழக்கை நான்காம் வகுப்புக்குத் தள்ளிவிடலாம், அன்றைக்கு உளவியல் ஆலோசகர் ஒருவர் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

ருமேனியாவிலிருந்து:

நடிப்புப் பயிற்சிக்கு: புகாரெஸ்டில் 2014இல் ரோமா நடிகைகள் தொடங்கிய ஜுவ்லிபென் நாடகக் குழுவின் காட்சிகள் கிடைத்தால் போட்டுக் காட்டுங்கள். அதில் ரோமா பெண்ணின் பாத்திரத்தை ரோமா பெண்களே எழுதி நடிக்கிறார்கள். அதைப் பார்த்தபின் எங்கள் பெண்கள் நர்ஸாக நடிப்பதில் காட்டும் ஆர்வம்... நிறுத்துவதுதான் கஷ்டம். நர்ஸ் வேஷத்துக்கு ஐந்து நிமிடம் என்று முதலிலேயே வரையறுத்துவிடுங்கள், இல்லையென்றால் படுத்திருப்பவள் பேசவே நேரம் இருக்காது.